தச்சுப் பட்டறைக்கு ஓர் இணையதளம்: எதிலிருந்து தொடங்குவது?

உளிமுனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தம்பியும் சேர்ந்து ஒரு தச்சுப் பட்டறை நடத்துகிறோம். பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்ப்பதும், கேட்பவர்களுக்கு அளவெடுத்துப் புதிதாகச் செய்து கொடுப்பதும் எங்கள் வேலை. எங்களோடு இன்னும் மூவர் இருக்கிறார்கள். இதுவரை வந்த வேலையெல்லாம் ஒருவர் சொல்லி மற்றொருவர் வந்ததுதான். அண்மைக் காலமாக விசாரிப்பவர்களில் பலர் எங்கள் தளத்தின் முகவரியைக் கேட்கிறார்கள், இல்லை என்றதும் சற்றுத் தயங்குகிறார்கள்.

இரண்டு வடிவமைப்பாளர்களிடம் பேசினேன். ஒருவர் பதினைந்து பக்கங்கள், நகரும் படங்கள், வலைப்பூ, உரையாடல் பெட்டி என்று நீண்ட பட்டியல் கொடுத்தார். மற்றவர் ஒரே பக்கம் போதும் என்றார். இருவரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, என்ன நிறம் வேண்டும் என்பதுதான். எனக்கு இத்துறையில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் தொடக்கம் அதுவாக இருக்க முடியாது என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

வலைத்தறி எழுதியது:

உங்களுக்குத் தோன்றியது சரிதான். ஒருவர் உங்களிடம் அலமாரி கேட்டு வந்தால், எந்த மெருகு என்றா முதலில் கேட்பீர்கள்? எங்கே வைக்கப் போகிறார், உள்ளே என்ன அடுக்கப் போகிறார், சுவரின் அகலம் எவ்வளவு என்றுதானே கேட்பீர்கள். தளத்துக்கும் அதே ஒழுங்குதான்.

பணம் செலவழிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பட்டறையில் ஒரு குறிப்பேட்டை வைத்து, இரண்டு வாரங்களுக்கு உங்களிடம் நேரிலும் தொலைபேசியிலும் வருகிற ஒவ்வொரு கேள்வியையும், கேட்டவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். உங்கள் சொற்களுக்கு மாற்றிவிடாதீர்கள். அவர் "ஆடுகிற நாற்காலி" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள், "இணைப்புத் தளர்ச்சி" என்று திருத்த வேண்டாம். தேடுபொறியில் அவர் தட்டச்சு செய்யப்போவதும் அந்தச் சொற்களைத்தான். தளத்தில் எத்தனை பக்கங்கள் வேண்டும், எதை முதலில் வைக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்ற முடிவுகள் எல்லாம் அந்தக் குறிப்பேட்டிலிருந்து கிடைத்துவிடும்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். சிறு நிறுவனங்கள் பலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் ஓர் ஐயத்தை எழுப்ப விரும்புகிறேன். ஐந்து பேர் வேலை செய்கிற பட்டறைக்குத் தனித்தளம் எதற்கு? வரைபடத்தில் ஒரு பதிவும், சமூக ஊடகத்தில் ஒரு பக்கமும் இருந்தால் படம் போடலாம், தொலைபேசி எண் கொடுக்கலாம், வாடிக்கையாளரின் கருத்தையும் பெறலாம், செலவும் இல்லை. கட்டிய தளத்தை மூன்று ஆண்டுகளாகத் திறந்தே பார்க்காத முதலாளிகள் சிலரை நான் அறிவேன். அவர்களுடைய பேரேட்டில் அது ஆண்டுதோறும் ஒரு செலவாக மட்டும் வந்து போகிறது.

விதைநெல் எழுதியது:

கணக்கப்பிள்ளை ஐயா சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். வரைபடப் பதிவு கட்டாயம் வேண்டும். ஒருவேளை தளத்துக்கும் முன்னால் செய்ய வேண்டியது அதுதான். திறந்திருக்கும் நேரம், விடுமுறை நாள், வழி ஆகியவற்றை மக்கள் அங்கேதான் பார்க்கிறார்கள். எனினும் அதை மட்டுமே நம்பியிருப்பது அடுத்தவர் திண்ணையில் கடை விரிப்பது போன்றது. கூகுள் வரைபடத்தில் தொழில்களைப் பதியும் சேவையான கூகுள் பிசினஸ் புரொஃபைல் வழியாகச் சிறு தொழில்கள் இலவசமாக ஓர் எளிய தளத்தை உருவாக்கிக்கொள்ளும் வசதி இருந்தது. 2024 மார்ச் மாதத்தில் அந்தத் தளங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. சில மாதங்களுக்கு மட்டும் பழைய முகவரியைத் தொட்டவர்கள் வரைபடப் பதிவுக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். ஜூன் 10க்குப் பிறகு அதுவும் இல்லை. அட்டையிலும் பலகையிலும் அந்த முகவரியை அச்சிட்டு வைத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதற்கு முன்பு ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளச் சேவை 2009இல் மூடப்பட்டபோதும் இதுவே நடந்தது. இலவசமாகக் கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று யாரையும் நொந்துகொள்ள முடியாது.

என் சொந்தக் கதை இதைவிட மோசமானது. நான் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். முதல் தளத்தைக் கட்டித் தந்தவர், நல்ல எண்ணத்தோடுதான், தளத்தின் முகவரிப் பெயரை, அதாவது டொமைனை, தம் கணக்கிலேயே பதிவு செய்திருந்தார். நானும் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து அவர் தொழிலை விட்டு எங்கோ போய்விட்டார், புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல் மடல்கள் எல்லாம் அவருடைய பெட்டியிலேயே கிடந்தன. ஒரு நாள் தளம் திறக்கவில்லை. தளத்தின் பெயரில் வைத்திருந்த மின்னஞ்சலும் அன்றே நின்றது. ஒரு டாட் காம் பெயர் காலாவதியான பிறகு புதுப்பிப்பதற்கு அதிகபட்சம் 45 நாட்கள் வரை சலுகைக்காலம் உண்டு. பதிவு நிறுவனம் அதற்கு முன்பே நீக்கிவிடவும் கூடும். அதன்பின் கூடுதல் கட்டணத்தோடு மீட்பதற்கு 30 நாட்கள். இவ்வளவு கால அவகாசம் இருந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் பதிவுப்படி அந்தப் பெயருக்கு நான் உரிமையாளனே இல்லை. இன்று அந்த முகவரியில் வேறு ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே உளிமுனை அவர்களே, யாரை வைத்துக் கட்டினாலும் டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பணத்தில் நீங்களே வாங்குங்கள். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் உள்ளதாக இருக்க வேண்டாம். பெயர் காலாவதியானால் நினைவூட்டலும் சேர்ந்து தொலைந்துபோகும். தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கி வையுங்கள். வடிவமைப்பாளருக்கு வேண்டியது அமைப்புகளை மாற்றுவதற்கான அனுமதி மட்டுமே.

கணக்கப்பிள்ளை எழுதியது:

முகவரி பற்றிச் சொன்னதை மறுக்க மாட்டேன். என் வாடிக்கையாளர்கள் அனைவரிடமும் இந்த வாரமே கேட்கப் போகிறேன். தளம் தேவையா என்பதில் மட்டும் என் ஐயம் இன்னும் நீங்கவில்லை. குறிப்பேட்டில் என்ன வருகிறது என்று பார்ப்போம்.

உளிமுனை எழுதியது:

சொன்னபடியே செய்துவிட்டு வருகிறேன். இரண்டு வாரங்களில் அறுபத்தொரு கேள்விகள் சேர்ந்தன. ஒரே பொருளுடையவற்றைச் சேர்த்தபோது அவை பதினொன்றாகச் சுருங்கின. அதிகம் கேட்கப்பட்டது, எத்தனை நாளில் கிடைக்கும் என்பது. அடுத்தது, வீட்டுக்கு வந்து அளவெடுப்பீர்களா என்பது. ஒரு நாற்காலிக் கால் மட்டும் உடைந்திருக்கிறது, இவ்வளவு சிறிய வேலையை எடுத்துக்கொள்வீர்களா என்று கூச்சத்தோடு கேட்டவர்கள் ஒன்பது பேர். செல்லரித்த மரத்தைக் காப்பாற்ற முடியுமா, இதற்கு முன் செய்த வேலைகளைக் காட்ட முடியுமா, முன்பணம் எவ்வளவு தர வேண்டும், பழைய மெருகை அப்படியே மீட்டுத் தருவீர்களா, நாங்களே மரம் வாங்கிக் கொடுக்கலாமா என்பவை மற்றவற்றுள் சில.

எங்களுக்கு வியப்பளித்தது ஒன்று உண்டு. எப்போது தொடங்கினீர்கள், உங்கள் நோக்கம் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தளத்துக்கென்று நானும் தம்பியும் எழுதி வைத்திருந்ததோ பட்டறையின் வரலாறு இரண்டு பக்கம்.

வலைத்தறி எழுதியது:

அந்த இரண்டு பக்கத்தைக் கிழித்துவிட வேண்டாம், பின்னால் ஒரு பத்திக்குப் பயன்படும். வேலையை ஒப்படைக்கலாமா என்று யோசிக்கும் இடத்துக்கு வந்துவிட்டவர், இவர்கள் யார் என்று தேடிப் பார்ப்பார். முதல் நிமிடத்தில் பார்க்க மாட்டார், அவ்வளவுதான்.

உங்கள் பதினொரு கேள்விகளிலிருந்து நான் காண்பது ஐந்து பக்கங்கள். முகப்பு ஒன்று. பழுதுபார்ப்பு ஒன்று, புதிதாகச் செய்வது ஒன்று; இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் திணிக்க வேண்டாம், ஏனெனில் இவற்றைத் தேடி வருகிறவர்களும் வேறு, அவர்களுடைய அச்சங்களும் வேறு. பழுதுக்கு வருகிறவர் தம் பாட்டியின் பெட்டியை நீங்கள் கெடுத்துவிடுவீர்களோ என்று அஞ்சுகிறார். புதிதாகக் கேட்பவர் சொன்ன நாளில் வருமா, அளவு சரியாக இருக்குமா என்று அஞ்சுகிறார். நான்காவது பக்கத்தில் செய்த வேலைகள். ஐந்தாவது, தொடர்புகொள்வதும் வேலை நடக்கும் முறையும்: அளவெடுப்பது, மதிப்பீடு, முன்பணம், காலம், ஒப்படைப்பு என்று நடக்கிற வரிசையிலேயே.

வலைப்பூ வேண்டாம். எழுதுவதில் விருப்பமுள்ளவர் பட்டறையில் இருந்தால் பிறகு பார்க்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரே பதிவோடு நிற்கும் வலைப்பூ, கடை மூடப்பட்டுவிட்டதோ என்ற எண்ணத்தைத்தான் உண்டாக்கும். உரையாடல் பெட்டியும் அப்படியே: பதில் சொல்ல ஆள் உட்கார்ந்திருக்க முடியாத இடத்தில் அது வைக்கப்படக் கூடாது.

அந்த ஒன்பது பேரின் கூச்சத்தை மறந்துவிடாதீர்கள். சிறிய வேலைகளையும் எடுத்துக்கொள்கிறோம் என்ற ஒரு வரி முகப்பிலேயே இருந்தால், கேட்காமலே திரும்பிப் போகிறவர்களில் சிலராவது உங்களை அழைப்பார்கள்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

இப்போது புரிகிறது. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை ஒரே பதிலைச் சொல்வதற்குச் செலவாகும் நேரத்தைக் கணக்கில் எடுத்தால், தளத்தின் செலவை நியாயப்படுத்திவிடலாம். என் எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் விலையைத் தளத்தில் போடலாமா என்று யாரும் பேசவில்லையே?

பைந்தூரிகை எழுதியது:

ஒவ்வொரு வேலையும் வேறுபடும் தொழிலில் விலைப்பட்டியல் போட்டால் அது பொய்யாகிவிடும் என்று உளிமுனை அவர்கள் அஞ்சலாம், அது நியாயமே. ஆனாலும் விலை எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதை எழுதலாம்: மரத்தின் வகை, பூட்டுவாய் இணைப்பா திருகாணியா, கையால் ஏற்றும் மெருகா தெளிப்பானா, ஏற்றிக்கொண்டு போகும் தூரம். குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று இருந்தால் அதையும் குறிப்பிடலாம். முற்றிலும் மறைத்து வைக்கப்பட்ட விலை எட்டாத விலையாகத்தான் இருக்கும் என்று வாசிப்பவர் எண்ணிக்கொள்வார்.

நான் தொழில்முறையில் வடிவமைப்பாளர் என்பதால் நிறத்தைக் கேட்டவர்களுக்காகவும் சிறிது வாதாட வேண்டியிருக்கிறது. நிறம் முக்கியம்தான், ஆனால் அழகுக்காக மட்டும் அன்று. வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்புலத்தில் வைப்பது இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது. வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்க்கிறவருக்கும், கண்ணாடியை மறந்துவிட்டு வந்த முதியவருக்கும் அது தெரியவே தெரியாது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகுதன்மை நெறிகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளிமாறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். இதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உள்ளன. வடிவமைப்பாளரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள்.

தமிழில் தளம் அமைப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்துக்கென்று செய்யப்பட்ட வார்ப்புருவில், அதாவது ஆயத்த வடிவமைப்பில், தமிழைக் கொட்டினால் வரிகள் ஒன்றையொன்று இடிக்கும். நம் எழுத்துகளுக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டல்லவா? வரி இடைவெளியை எழுத்தளவைப் போல 1.6 மடங்கு அல்லது அதற்கும் சற்று மேலாக வைத்துப் பாருங்கள். பொத்தான்களில் உள்ள சொற்களும் நீளும். ஆங்கிலத்தில் நான்கெழுத்துக்கு அளவெடுத்த பொத்தானில் "தொடர்புகொள்ளுங்கள்" எப்படி அடங்கும்? மேலும், பக்கத்தின் மொழி தமிழ் என்பது நிரலில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் தமிழை வேறு மொழியின் ஒலியில் படிக்க முயன்று திணறும்.

இடைக்கோடு எழுதியது:

பைந்தூரிகை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பக்க முகவரிகளைத் தமிழ் எழுத்தில் வைத்தால் உலாவியில் அழகாகத் தெரியும். ஆனால் அதை நகலெடுத்து ஒரு செய்தியில் ஒட்டும்போது பெரும்பாலும் ஒவ்வொரு எழுத்துக்குறியும் ஒன்பது குறிகளாக விரிந்து, படிக்க முடியாத நீண்ட சரமாகிவிடும். ஆகவே முகவரிகளை மட்டும் குறுகிய ரோமன் எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

என் முதன்மையான கருத்து வேறு. ஐந்து பக்கத் தளத்துக்கு, தளம் கட்டி நிர்வகிக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தேவையே இல்லை. பக்கங்களை எழுதும் குறியீடான எச்டிஎம்எல்லில் வெறும் கோப்புகளாக வைத்தால் உடைபடுவதற்கு ஒன்றுமில்லை, புதுப்பிப்பதற்கு ஒன்றுமில்லை, எவரும் புகுந்து கெடுப்பதற்குத் தரவுத்தளமும் இல்லை. வேகமும் தானே வந்துவிடும்.

வலைத்தறி எழுதியது:

இடைக்கோடு அவர்களோடு இந்த வாதம் பழையது, இருவருக்கும் அலுக்கவில்லை. அவர் சொல்வது தொழில்நுட்ப அளவில் முழு உண்மை. ஆனால் தச்சர் ஒருவர் தாம் முடித்த அலமாரியின் படத்தைத் தாமே ஏற்ற வேண்டும் என்றால், கோப்பைத் திறந்து குறியீட்டுக்கு நடுவில் ஒரு வரி சேர்க்கச் சொல்வீர்களா? ஒவ்வொரு முறையும் உங்களை அழைக்க வேண்டியிருந்தால், ஆறு மாதத்தில் அவர் அழைப்பதை நிறுத்திவிடுவார், தளமும் அன்றோடு உறைந்துவிடும்.

2003இல் வலைப்பூவுக்காகத் தொடங்கிய வேர்ட்பிரஸ் இன்று இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம், தொழில்நுட்பம் அறியாதவரும் அதில் எழுத முடிகிறது என்பதே. அதன் விலையைப் பராமரிப்பாகக் கொடுக்கிறோம்: மையநிரல், வார்ப்புரு, கூடுதல் வசதிகளுக்காகச் சேர்க்கும் செருகுநிரல்கள் ஆகிய மூன்றையும் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். தளங்கள் ஊடுருவப்படுவது பெரும்பாலும் புதுப்பிக்காமல் விடப்பட்ட செருகுநிரல் வழியாகத்தான். முப்பது செருகுநிரல் போட்ட ஐந்து பக்கத் தளங்களைக் கண்டிருக்கிறேன். கதவைவிடப் பூட்டுகள் கனமாக இருந்தன. மூன்றாவது வழி, மாதக் கட்டணத்தில் இழுத்துப்போட்டுக் கட்டும் சேவைகள். அவற்றில் பராமரிப்புக் கவலை இல்லை, ஆனால் விட்டு வெளியேறும் நாளில் வடிவமைப்பை எடுத்துக்கொண்டு போக முடியாது. எழுத்தையும் படங்களையும் மட்டும் கையில் எடுத்துக்கொண்டு புதிதாகக் கட்ட வேண்டும்.

எந்த வழி என்பதை முடிவுசெய்ய உளிமுனை அவர்களுக்கு ஒரே கேள்வி. அடுத்த ஆண்டு இதே நாளில் தளத்தில் படம் ஏற்றப்போவது யார்?

உளிமுனை எழுதியது:

தம்பிதான். அவனுக்குக் கைப்பேசி நன்றாக வரும், கணினி அவ்வளவாக வராது.

இடைக்கோடு எழுதியது:

அப்படியானால் நான் விட்டுக்கொடுக்கிறேன். வேர்ட்பிரஸ், நான்கு அல்லது ஐந்து செருகுநிரல்களுக்கு மேல் வேண்டாம், தம்பிக்கு எழுதவும் படம் ஏற்றவும் மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு. நிர்வாகிக் கணக்கு உங்களிடம் இருக்கட்டும். காப்புநகல் வாரம் ஒருமுறை, தளம் இருக்கும் அதே கணினியில், அதாவது வழங்கியில், அல்லாமல் வேறோர் இடத்தில் சேமிக்கப்பட வேண்டும். அந்தக் காப்புநகலிலிருந்து தளத்தை மீட்க முடிகிறதா என்பதை ஒருமுறையாவது செய்து பாருங்கள். மீட்டுப் பார்க்காத காப்புநகல் இருந்தும் இல்லாதது போலத்தான்.

தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலை மறைத்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் இணைப்புக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 இறுதியிலிருந்தே அதற்கான சான்றிதழை இலவசமாகத் தருகிறது. நல்ல வழங்கி நிறுவனங்கள் அதைத் தாமாகவே புதுப்பிக்கின்றன. அது இல்லாத தளங்களை 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி "பாதுகாப்பானது அன்று" என்று முகவரிப் பட்டையிலேயே எழுதிக் காட்டுகிறது.

உளிமுனை எழுதியது:

முகப்புப் பக்கத்தின் முதல் பத்தியை எழுதிப் பார்த்தேன். தயவுசெய்து ஒளிவுமறைவின்றிக் கருத்துச் சொல்லுங்கள்.

"தரத்திலும் சேவையிலும் சமரசமின்றி, வாடிக்கையாளரின் மனநிறைவையே முதன்மை இலக்காகக் கொண்டு, நவீனத் தொழில்நுட்பமும் பாரம்பரிய நுட்பமும் இணைந்த தனித்துவமான மரவேலைப்பாடுகளை வழங்கி வரும் முன்னணி நிறுவனம் எங்களுடையது."

பைந்தூரிகை எழுதியது:

ஒளிவுமறைவின்றி என்று கேட்டதால் சொல்கிறேன். "மரவேலைப்பாடு" என்ற சொல்லை எடுத்துவிட்டு "பல்மருத்துவம்" என்று போட்டாலும் இந்தப் பத்தி நிற்கும். வேறு எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் வாக்கியம் உங்கள் தொழிலைப் பற்றி எதையும் சொல்லவில்லை. சமரசம் செய்துகொள்வோம் என்று அறிவிக்கும் நிறுவனம் உலகில் உண்டா? குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொலைபேசியில் கேட்பவருக்கு என்ன சொல்வீர்களோ அதை எழுதுங்கள்.

வலைத்தறி எழுதியது:

என் பங்குக்கு ஒரு சோதனை. அந்தப் பத்தியை, உங்களை அறியாத ஒருவரிடம் பத்து வினாடி காட்டிவிட்டு மூடுங்கள். இவர்கள் என்ன செய்கிறார்கள், யாருக்குச் செய்கிறார்கள், நான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

உளிமுனை எழுதியது:

பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டினேன். ஏதோ வங்கி விளம்பரம் என்று நினைத்ததாகச் சொன்னார். இரவு உட்கார்ந்து மீண்டும் எழுதினேன்:

"ஆடுகிற நாற்காலி, மூடாத இழுப்பறை, செல்லரித்த பெட்டி ஆகியவற்றைப் பழுதுபார்க்கிறோம், உங்கள் சுவருக்கும் கதவுக்கும் அளவெடுத்து அலமாரியும் மேசையும் புதிதாகச் செய்து தருகிறோம். ஒரே ஒரு கால் உடைந்திருந்தாலும் கொண்டு வரலாம். உடைந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பினால், சரிசெய்ய முடியுமா, எத்தனை நாளாகும் என்று மறுநாளுக்குள் சொல்வோம்."

பைந்தூரிகை எழுதியது:

மிக நன்று. ஒரு சொல்லையும் தொட வேண்டாம். மறுநாளுக்குள் சொல்வோம் என்பதைக் காப்பாற்ற முடியுமா என்று மட்டும் தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஒரே ஒரு பொத்தான், "படம் அனுப்புங்கள்" என்று. தொலைபேசி எண்ணைப் படமாகப் போடாமல், தொட்டால் அழைக்கும் எழுத்தாக வைக்க வேண்டும்.

இனிப் படங்கள். உங்கள் தொழிலில் தளத்தின் பாதி எடை அவற்றில்தான் இருக்கிறது. விலைக்குக் கிடைக்கும் பொதுப்படங்களை, அதாவது சட்டையில் தூசியே படாத தச்சர் சிரித்துக்கொண்டிருக்கும் படங்களை, தயவுசெய்து வாங்காதீர்கள். பழுதுபார்ப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் எடுங்கள். சன்னலருகே பகல் வெளிச்சம் போதும். ஒவ்வொன்றின் கீழும் என்ன மரம், என்ன கோளாறு, என்ன செய்தோம், எத்தனை நாள் ஆயிற்று என்று இரண்டு வரி எழுதுங்கள். ஐம்பது படங்களைக் கொட்டுவதைவிட, இப்படிப்பட்ட பன்னிரண்டு படங்கள் அதிகம் பேசும். முகப்பில் தானாக நகரும் படவரிசை வேண்டாம். இரண்டாவது படம் வருவதற்குள் பார்ப்பவர் கீழே போய்விடுகிறார்.

வலைத்தறி எழுதியது:

படம் என்றதும் வேகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்றைய கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று மூன்று, நான்கு மெகாபைட் இருக்கும். அப்படியே ஏற்றினால் பன்னிரண்டு படங்கள் நாற்பது மெகாபைட்டைத் தாண்டக்கூடும். சுமாரான இணைப்பில் இருப்பவர் வெள்ளைத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அகலத்தை 1,200 முதல் 1,600 பிக்செல் அளவுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற சுருக்கப்பட்ட பட வடிவில் சேமித்தால், பெரும்பாலான படங்கள் 200 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

கூகுள் இதற்கென்று மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறது. பக்கத்தின் பெரிய உறுப்பு 2.5 வினாடிக்குள் தோன்ற வேண்டும். தொட்டதற்குப் பக்கம் 200 மில்லிவினாடிக்குள் அசைய வேண்டும். இது 2024 மார்ச்சில் பழைய அளவுகோல் ஒன்றை நீக்கிவிட்டுச் சேர்க்கப்பட்டது. மூன்றாவது, படித்துக்கொண்டிருக்கும்போது எழுத்து தாவக் கூடாது; அந்த இடப்பெயர்வு எண் 0.1க்குள் இருக்க வேண்டும். படம் தாமதமாக வந்து எழுத்தைக் கீழே தள்ளியதால் தவறான பொத்தானைத் தொட்ட அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் அகல உயரத்தை நிரலில் எழுதி வைத்தாலே இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால், போதிய வருகை உள்ள தளங்களுக்கு இம்மூன்றையும் காட்டும். நூறு மதிப்பெண் வாங்க வேண்டும் என்று இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம், உங்களுடைய சாதாரணக் கைப்பேசியில் காத்திருக்காமல் திறக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

விதைநெல் எழுதியது:

தேடுபொறியில் முதலிடம் பெற்றுத் தருவதாக உறுதி சொல்லி உங்களுக்கு அழைப்புகள் வரத் தொடங்கும், தளம் வெளிவந்த வாரத்திலேயே வரும். முதலிடத்துக்கு எவராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. குறிச்சொற்களை நிரலில் ஒளித்து வைப்பதற்கு என்னிடம் ஒருவர் தனிக்கட்டணம் வாங்கினார். அந்தக் குறிச்சொல் பகுதியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் வெளிப்படையாக அறிவித்தது 2009இல்; நான் பணம் கொடுத்தது அதற்கு எத்தனையோ ஆண்டுகள் கழித்து.

உண்மையில் பயன் தந்தவை எளியவை. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் பொருளைச் சொல்லும் தனித்தனித் தலைப்பு. தளத்திலும் வரைபடப் பதிவிலும் பெயர், முகவரி, எண் மூன்றும் ஒரே மாதிரி இருப்பது. வேலை முடித்துக் கொடுக்கும்போது வாடிக்கையாளரிடம் ஒரு கருத்து எழுதச் சொல்லிக் கேட்பது. கேட்டால் பலர் எழுதுகிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. தளத்தைப் பழைய முகவரியிலிருந்து மாற்றியபோது, ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு இணையான புதிய பக்கத்துக்கு 301 திருப்புதலாக, அதாவது நிரந்தரமாகத் திருப்பிவிடும்படி, அமைத்ததும் உதவியது. உங்களுக்கு முதல் தளம் என்பதால் அது இப்போது தேவைப்படாது.

இடைக்கோடு எழுதியது:

வெளியிடும் நாளுக்கு ஓர் எச்சரிக்கை. வேர்ட்பிரஸின் வாசிப்பு அமைப்புகளில், தேடுபொறிகள் இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் தேர்வுப்பெட்டி ஒன்று உண்டு. கட்டும் காலத்தில் அதைத் தேர்ந்தெடுத்து வைப்பார்கள், வெளியிடும்போது எடுக்க மறந்துவிடுவார்கள். அப்படி எட்டு மாதம் எவர் கண்ணிலும் படாமல் கிடந்த ஒரு தளத்தை நானே திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

உளிமுனை எழுதியது:

நன்றி சொல்ல வார்த்தை இல்லை. டொமைனை என் பெயரில் வாங்கிவிட்டேன். ஒரே பக்கம் போதும் என்று சொன்ன வடிவமைப்பாளரிடம் மீண்டும் போய், குறிப்பேட்டையும் ஐந்து பக்கத் திட்டத்தையும் கொடுத்தேன். இப்படி எழுதிக் கொண்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார். ஆறு வாரங்களில் தளம் தயாராகிவிட்டது, நேற்று வெளியிட்டோம். தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. "படம் அனுப்புங்கள்" படிவத்தின் வழியாக மட்டும் இதுவரை ஒன்றும் வரவில்லை. மக்களுக்குப் படிவம் பிடிக்கவில்லையா?

வலைத்தறி எழுதியது:

மக்களைச் சந்தேகிப்பதற்கு முன் படிவத்தைச் சந்தேகியுங்கள். வேறொருவரின் கைப்பேசியிலிருந்து ஒரு படத்தை அனுப்பிப் பாருங்கள். பிறகு உங்கள் மின்னஞ்சலின் எரிதக் (ஸ்பேம்) கோப்புறையைத் திறந்து பாருங்கள்.

உளிமுனை எழுதியது:

எரிதக் கோப்புறையில் நான்கு மடல்கள் இருந்தன. ஒன்று நான் அனுப்பிய சோதனை. மற்ற மூன்றும் உண்மையான விசாரணைகள், அவற்றுள் ஒன்று ஊஞ்சல் பலகை.

வலைத்தறி எழுதியது:

எதிர்பார்த்ததுதான். தளத்தின் வழங்கியே உங்கள் டொமைனின் பெயரால் நேரடியாக மடல் அனுப்புகிறது. அதற்கு அந்த உரிமை உண்டு என்பதைக் காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் டொமைனில் இல்லை. அதனால் பெறும் பக்கம் அதைப் போலி மடல் என்று ஒதுக்கிவிடுகிறது. படிவத்தின் மடல்களை, உங்கள் மின்னஞ்சல் சேவையின் எஸ்எம்டிபி (மடல் அனுப்பும்) கணக்கு வழியாக அனுப்பும்படி அமைக்கச் சொல்லுங்கள், இரண்டு பதிவுகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். வடிவமைப்பாளருக்கு ஒரு மணி நேர வேலை. படிவத்தில் வருபவை தளத்துக்குள்ளும் ஒரு நகலாகச் சேமிக்கப்படட்டும். மாதத்தின் முதல் நாளில் தம்பி தம் கைப்பேசியிலிருந்து ஒரு சோதனைப் படம் அனுப்புவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அது இருக்கட்டும், மறுநாளுக்குள் சொல்வோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊஞ்சல் பலகைக்காரரை இப்போதே அழைத்துவிடுங்கள்.

உளிமுனை எழுதியது:

அழைத்துவிட்டேன். நாளைக் காலை கொண்டு வருகிறார்.